கிராணி ஐயா எங்கள் கம்ப்யூட்டருக்கு எடுத்த பெரட்டு

சுந்தரம் கிராணி போய்விட்டார் என்று அவர் மகன் போன் செய்தபோது அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் போடும் நினைவு மலருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள் நான். ஆனாலும் இரண்டு வரியில் அடங்காது, தம்பி.

அவர் பேர் கூப்பிடாமல் எதையும் தொடங்காதவர். அதனால் நானும் முதலில் பேர்களைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செனாவாங்கில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: கையில் பாராங் கத்தியோடு என் வீட்டுக்காரர். நாற்காலியில் அழுதுகொண்டு என் கடைசி மகள் செல்வி. பக்கத்தில் மூத்தவன் மணியம். பின்னறை வாசலில் கைலியோடு என் தம்பி குணசேகரன். நான். கடைசியாக உள்ளே வந்த கிராணி ஐயா.

அவரைத் தோட்டத்தில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: தோட்டத்தில் ஆட்களின் வேலைக் கணக்கு எழுதுகிறவர்தான் கிராணி. விடியும் முன்னே ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். அவர் கூப்பிடும்போது ஆள் அங்கே நிற்க வேண்டும். எழுபதுகளில் ஒருநாள் மணியத்துக்குக் காய்ச்சல். அவனைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் என் பேரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார். எதிரே மூச்சிரைக்க நிற்கிறேன், அரை நாள் கூலிதான் எழுதினார். “பேர் கூப்பிட்டா ஆள் நிக்கணும்” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தோட்டத்தை விற்று, நாங்கள் எல்லோரும் தாமான் வரிசை வீடுகளுக்கு வந்து, அவர் எங்கள் வரிசையிலேயே வீடு வாங்கிய பிறகும், அவர் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் பார்த்து நடப்பேன்.

செல்வி சிரம்பானில் காலேஜில் சேர்ந்திருந்தாள். படிப்புக்கு வேண்டுமென்று மணியம்தான் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டான். போன் ஒயரைச் செருகினால் அது கீச்சுகீச்சென்று கத்தி இண்டர்நெட்டுக்குப் போகும். அந்த மாதம் அதற்குப் பேய் பிடித்தது. அவள் ஏதாவது தட்டிக்கொண்டிருப்பாள், நடுவில் தானாக ஒரு கட்டம் திறக்கும். சூதாட்ட விளம்பரம், அதை மூடினால் அரைகுறை உடுப்பில் ஒரு வெள்ளைக்காரி, அவளை மூடினால் இன்னும் இரண்டு பேர். சோறு தின்ன உட்கார்ந்த என் வீட்டுக்காரர் அன்றுதான் அதைப் பார்த்தார்.

“பொட்டப் புள்ள வீட்ல உக்காந்து இதையா பாக்குது?”

“நான் பாக்கலப்பா. அதுவா வருது!”

அப்போது பின்னறை வாசலிலிருந்து என் தம்பி சொன்னான். அவன் ஷிப்டு வேலைக்காரன், அப்போது எங்களோடுதான் தங்கியிருந்தான். “அதெப்படி மாமா அதுவா வரும்? யாராச்சும் தேடிப் பாத்தாத்தான்லா வரும்.”

அந்த ஒரு வார்த்தையில் என் வீட்டுக்காரர் கொல்லைப் பக்கம் போய்ப் பாராங்கை எடுத்து வந்தார். “காலேஜும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நாளையிலேருந்து பேக்டரிக்குப் போ!” என்று போன் ஒயரை வெட்டக் குனிந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். மூத்த பெண்ணின் படிப்பும் அப்படி ஒரு மத்தியானத்தில் முடிந்ததுதான்.

கோயில் திருவிழா அழைப்பிதழை செல்வி அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். அதை வாங்கத்தான் கிராணி ஐயா வந்தார். பாராங்கைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“என்னப்பா, பன்றி கின்றி பூந்திருச்சா?”

யாரும் சிரிக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, “எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டுச் சுவரோரம் நில்லுங்க. பாப்பா, நீயுந்தான்” என்றார். பல வருஷப் பழக்கம், என் வீட்டுக்காரர் பாராங்கைக் கீழே வைத்துவிட்டுக் கை கட்டி நின்றார்! நானும் நின்றேன். என் கோபம் என்னோடு நின்றது.

மேசைப் பக்கம் ஒரு ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைக்காரி தானாக வந்தாள்.

“இவளை இப்ப யாருப்பா கூப்பிட்டது?” என்றார் ஐயா.

என் தம்பிதான், “முன்னாடி பாத்திருக்கும் ஐயா, அதான் இப்ப வருது” என்றான்.

ஐயா அவன் பக்கம் திரும்பவில்லை. “உள்ள இருக்கிற சாமானெல்லாம் பேரோட தெரியுமா பாப்பா?” என்று கேட்டார். தெரியும் என்றாள். “அப்ப ஒவ்வொண்ணா வாசி. யாரு கொண்டாந்தாங்களோ அவங்க நான்னு சொல்லணும்.”

அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பெரட்டு எடுக்கத் தெரியும். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். தமிழ் எழுத்து. “நான்” என்றாள். பிரிண்டர். “நான்” என்றான் மணியம். சீட்டு விளையாட்டு. மணியம் தலையைச் சொறிந்துகொண்டு அதற்கும் “நான்” என்றான். அப்புறம் ஒரு பேர் வந்தது. நாலு நம்பர் லாட்டரிக்கு ராசி நம்பர் சொல்லும் சாமானாம், இண்டர்நெட்டில் சும்மா கிடைப்பது.

யாரும் நான் என்று சொல்லவில்லை.

ஐயா மறுபடி கூப்பிடச் சொன்னார். மறுபடியும் இல்லை. எங்கள் வீட்டில் கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், பிணம் வந்தால் ஒரு நம்பர் என்று எழுதுகிறவன் ஒருவன்தான். பகலில் எல்லோரும் வேலைக்கும் படிப்புக்கும் போன பிறகு வீட்டில் தனியாக இருந்தவனும் அவன்தான். ஒயர் செருகுவது எப்படி என்று செல்வியிடம் கேட்டுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். அவன் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

“ஆள் இல்லாத பேரு நமக்கு எதுக்கு? வெளிய அனுப்பு” என்றார் ஐயா.

செல்வி அதை அழித்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஒயரைச் செருகினாள். எல்லோரும் திரும்பச் சுவரோரம் நின்றோம். காப்பி போட்டுக் குடித்து முடிக்கும் வரைக்கும் ஒரு கட்டமும் திறக்கவில்லை. அந்த ராசி நம்பர் சாமானோடுதான் விளம்பரங்களும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. என் வீட்டுக்காரர் பாராங்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். திரும்பி வந்து, “நாளைக்கு எத்தனை மணி பஸ்ஸு?” என்று மகளைக் கேட்டார். அவ்வளவுதான் அவருக்கு வரும்.

நான் தம்பியின் சட்டையைப் பிடிக்கப் போனேன். ஐயா தடுத்தார். “கூப்பிட்டாச்சும்மா. நிக்கிறது இனி அவன் பாடு.”

வாசல் வரை போனவரிடம், அன்றைக்கு ஏன் அரை நாள் எழுதினீர்கள் என்று கேட்டேவிட்டேன். “எழுதியிருப்பேன்மா. நீ நிக்கலையே” என்றார். வருத்தம் ஒன்றும் தெரிவிக்கவில்லை. ஆனால் எந்த வார்த்தையால் என் வயிறு எரிந்ததோ அதே வார்த்தையை வைத்துத்தான் என் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அன்றோடு அந்த அரை நாளை விட்டுவிட்டேன். செல்வி படித்து முடித்து இன்று மந்தினில் கணக்கு வேலை பார்க்கிறாள்.

இதை எழுதாமலே இருந்திருப்பேன். ஐயாவின் துக்க வீட்டில், அவர் உடம்பைக் கிடத்தியிருந்த கூடாரத்தில், என் தம்பி நாலு பேர் நடுவே உட்கார்ந்து சொன்னான்: “ஐயா நல்ல மனுசன். எங்க அக்கா மக என்னத்தையோ பாத்துக் கம்ப்யூட்டரைக் கெடுத்து வச்சிருந்துச்சு, இவருதான் வெளிய தெரியாம முடிச்சு வச்சாரு.” செல்வி மாலையோடு அப்போதுதான் உள்ளே வந்தாள். அவள் காதில் விழுந்தது. மாலையைப் போட்டுவிட்டு வெளியே போனாள்.

ஐயாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: ஒரு பழி வந்தால், யார் தலையில் போடலாம் என்று பார்க்காமல் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஐயா, நீங்கள் அன்றைக்குப் பேர் சொல்லாமல் விட்டீர்கள். இத்தனை வருஷம் அவனாக நிற்பான் என்று நானும் விட்டேன். இனி விட மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். உங்கள் மலரில், எல்லோரும் படிக்கிற இடத்தில், நானே கூப்பிடுகிறேன்.

என் கூடப் பிறந்த தம்பி, குணசேகரன்.