வசனத்தில் இல்லாத கட்டி

எங்கள் வட்டாரத்து மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வரலாறு எனக்கு அத்துப்படி. கிள்ளானில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் கல்லூரியாகத் தொடங்கியது. பாதிப் படிப்பு இங்கே, மீதி இந்தியாவில். முதலாளிகள் மாறினார்கள், பெயர் நீண்டது, பக்கத்து ஊரான மேரு போகும் வழியில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. இன்று வேந்தர், துணைவேந்தர், டீன், தேர்வுப் பிரிவு என்று இறங்கிக்கொண்டே வந்தால், கடைசியில் நான். நடிப்பு நோயாளி.

மாணவர்கள் தேர்வில் தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும். பள்ளி நாடகத்தில் மரமாக நின்ற தகுதியில் சேர்ந்துகொண்டேன். கொடுத்த வசனத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். அன்று வசனப்படி எனக்குத் தொண்டை வலி, மற்றபடி சுகம்.

ஒவ்வொருவராக வந்து கழுத்தைத் தடவி, "நார்மல்" என்று போனார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"அங்கிள், கழுத்தத் தொடுறேன். வலிச்சா சொல்லுங்க."

அவள் விரல்கள் இடப்பக்கம் நின்றன. வலப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி இடப்பக்கமே வந்தன.

"இந்தக் கட்டி எத்தன நாளா இருக்கு?"

"எந்தக் கட்டி?" வசனத்தைத் தாண்டிவிட்டேன்.

மூலையில் இருந்த தேர்வாளர் மதிப்பெண் தாளில் எதையோ அடித்தார். நேரம் முடிந்த மணி ஒலித்தது. அவள் கண்கலங்கிப் போனாள். அடுத்து வந்தவன் "நார்மல், அங்கிள்" என்றான். அவனுக்குத் தங்கப் பதக்கமே கொடுத்திருப்பேன்.

அவன் போனதும் நானே தொட்டேன். தினமும் சவரம் செய்யும் கழுத்துதான். மொச்சைக்கொட்டை அளவில், கெட்டியாக, அசையாமல் இருந்தது. வலிக்கிற கட்டிக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், வலிக்காததைத்தான் கவனிக்க வேண்டும் என்று எத்தனை பிள்ளைகள் என் முன்னால் ஒப்பித்திருக்கிறார்கள். வலிக்கட்டும் என்று அழுத்தினேன். வலிக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் தேர்வாளரிடம் போனேன். "டாக்டர், என் கழுத்தக் கொஞ்சம் பாருங்க."

கையில் பாதி கடித்த கறிபாப்போடு சிரித்தார். "அங்கிள், ஷோ முடிஞ்சிருச்சு லா."

"இது வசனத்துல இல்ல, டாக்டர்."

கறிபாப்பை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். அவர் விரல்களும் இடப்பக்கம் நின்றன, வலப்பக்கம் போயின, திரும்பி வந்தன. சிரிப்பு போய்விட்டது.

"வலிக்குதா?"

முகத்தைச் சுளித்து, "வலிக்குது" என்றேன். இத்தனை நாள் நடித்ததில், அன்றுதான் என்னை யாரும் நம்பவில்லை.