ஈஸ்டருக்குள் ஆறவேண்டிய இமைகள்

எங்கள் வீட்டு அலமாரியில், ஜெபமாலை வைக்கிற டப்பாவுக்குப் பின்னால், ஒரு கறுப்புக் கண்ணாடி கிடக்கிறது. மூக்கில் உட்காருகிற இடத்தில் களிம்பு மஞ்சளாய்க் காய்ந்து ஒட்டியிருக்கிறது. துடைத்து வைக்கலாம் என்று கை போகும். போன கை அப்படியே திரும்பி வந்துவிடும். அது என் நாத்தனாருடையது.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. கல்யாணமாகி பிரான்சுக்குப் போனவர். அவர் புருஷன் அந்த நாட்டு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். நாத்தனாருக்கு இமை கொஞ்சம் கனம். என் மாமியாருக்கும் அப்படித்தான், என் வீட்டுக்காரருக்கும் அதே இமைதான். சிரித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். பார்க்க எவ்வளவு சாந்தமாக இருக்கும்! தங்கள் மகனுடைய நிச்சயதார்த்த போட்டோவில் நாத்தனார் கண் மூடி நிற்பதைப் பார்த்துவிட்டு சொல்தா அவரிடம் சொன்னாராம்: "சவத்தத் தூக்கி நிக்க வெச்ச மாதிரி இருக்கு. கல்யாண ஆல்பத்துலயும் இப்டிதான் நிக்கப் போறியா?"

கல்யாணம் ஈஸ்டர் முடிந்த வாரம், இங்கே எங்கள் பங்குக் கோயிலில். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் ஜனங்கள் கல்யாணம் காட்சி வைக்கமாட்டார்கள், விருந்து என்று யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். அந்த நாட்களில் இமையைத் தூக்கித் தைக்கிற ஆபரேஷனை முடித்துவிட்டால் யார் கண்ணிலும் படாமல் ஈஸ்டருக்குள் ஆறிவிடும் என்று சொல்தா திட்டம் போட்டார். கறியையும் பூவையும் ஆண்டவருக்காக ஒதுக்கி வைக்கிற காலம் அது. பொண்டாட்டியின் இமைத்தோலை அறுக்க வசதியான சமயம் என்று அதைப் பார்த்த மனசு அவருக்கு.

ஆபரேஷன் முடிந்ததும் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் நாத்தனாரைக் கொண்டுவந்து விட்டார். சொல்தா மட்டும் கடற்கரைப் பக்கம் ஓட்டலில் தங்கிக்கொண்டார். "எனக்கு ரத்தம் ஆவாதும்மா. நீதான் பாத்துக்கணும்" என்றார். அவர் படியிறங்கியதும் என் வீட்டுக்காரர், "துப்பாக்கி தூக்குன மனுஷனுக்கு ரத்தம் ஆவாதாம்டி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அந்த முகத்தை முதலில் பார்த்தபோது, மாதாவே என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு இமையும் அழுகின நாவற்பழம் மாதிரி வீங்கியிருந்தன. அதில் எறும்பு ஊருகிற மாதிரி கறுப்பு நூல் தையல். கசிந்த நீர் பீளையோடு சேர்ந்து இமைமயிரில் காய்ந்து பக்குப் பிடித்திருக்கும். கொதித்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு துடைப்பேன். சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு பிசையும்போது விரலில் அந்தக் களிம்பு வழவழக்கும். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து மீன் வந்தால், ஆயும்போது அதன் கண்ணைப் பார்க்க முடியாமல் தலையை முதலில் வெட்டிப் போட்டுவிடுவேன்.

அதைவிட மோசம், மத்தியானத் தூக்கம். வலது இமை முழுசாக மூடாது. இடுக்கில் வெள்ளை விழி தெரியும்.

"தூங்கலையா அண்ணி?"

"தூங்கிட்டுத்தான்டி இருந்தேன், நீ எழுப்புற வரைக்கும்."

அவருக்கு ஒரே பயம்தான். கோயிலுக்குக் கிளம்புமுன் வீட்டில் மாப்பிள்ளை முழங்கால் போடுவான். தாய் அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பவேண்டும். "எம் புள்ள அண்ணாந்து பாப்பான். இந்த மூஞ்சியப் பாத்து பயந்துடக் கூடாதும்மா. அழவும் கூடாதுங்குறாரு டாக்டரு. அதுதான் முடியல" என்பார்.

ஒருநாள் பூசை முடிந்து வந்தேன். "மாதாவ மூடிட்டாங்களா?" என்று கேட்டார். ஈஸ்டருக்கு முன்னால் கோயிலில் மாதா சிலை உட்பட எல்லாச் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவது வழக்கம். மூடிவிட்டார்கள் என்றேன். தன் இமையைத் தொட்டுக் காட்டி, "நம்மளையும் அதே கலர்ல மூடி வெச்சிருக்காங்க பாரு" என்றார்.

ஈஸ்டருக்குக் கோயிலில் துணியை எடுத்துவிட்டார்கள். நாத்தனாருக்கு வீக்கம் வடிந்ததே தவிர, கண்ணைச் சுற்றிப் பச்சையும் மஞ்சளுமாக நின்றது. வலது கண் செக்கச் செவேலென்று இருந்தது. பிரான்சிலிருந்து வந்த மகனிடம் கண்ணில் சீக்கு என்று சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணத்தன்று காலையில் அவன் முழங்கால் போட்டு அண்ணாந்து பார்த்தான்.

"கண்ணாடியக் கழட்டும்மா. உன்னப் பாக்கணும்."

நாத்தனார் கழற்றி என் கையில் கொடுத்தார். சொல்தா பதறிப்போய், "ஏய், போட்டுக்கோ! போட்டோ எடுக்குறாங்க" என்றார்.

"இத்தினி நாளா நீங்க எம் மூஞ்சியப் பாக்கல. இப்பவும் அந்தப் பக்கமா திரும்பிக்கோங்க" என்றார் நாத்தனார். மகன் நெற்றியில் சிலுவை போட்டார். அவன் பயப்படவில்லை. எழுந்து, நான் பஞ்சால் தொடுவதற்கே பல்லைக் கடித்துக்கொண்ட அந்த வலது இமையில் முத்தம் கொடுத்தான். அந்த நேரம் போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கியிருந்தார். சொல்தா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கோயிலிலும் அப்படித்தான். ஆல்பத்துக்காக அறுத்த கண், ஆல்பத்தில் எங்கேயும் இல்லை.

இப்போது வீடியோவில்தான் பேசிக்கொள்கிறோம். அந்த இமை இன்றைக்கும் முழுசாக மூடுவதில்லை. பேச்சு நடுவிலேயே நாத்தனார் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்வார். சொல்தா பின்னாலிருந்து தலையை நீட்டி, "பாத்தியாம்மா, பத்து வயசு கொறஞ்சிட்டா!" என்பார். ஆண்டவர் மன்னிக்கச் சொல்கிறார். அதற்குத்தான் தினமும் ஜெபமாலையை எடுக்கிறேன். எடுக்கும்போதெல்லாம் பின்னால் அந்தக் கண்ணாடி தெரிகிறது.

குப்பையில் போடும்மா என்று நாத்தனார் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். நான் போடவில்லை. அடுத்த முறை சொல்தா ஊருக்கு வரும்போது அவர் கையிலேயே கொடுக்கவேண்டும். கழுவாமல் வைத்திருக்கிறேன்.