படிக்காமல் ஏற்றுக்கொண்ட நான்கு வரி

கொடைக்கானலில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் தேவாலய சபையின் ரத்ததானப் பட்டியலில் தேடுவதற்கு ஒரு புரோகிராம் எழுதினேன். சிலர் ரத்தப் பிரிவைக் குறிப்பிடாததால் அது பாதியில் நின்றது. பிழையைச் சரிசெய்யும்படி எடிட்டரில் இருந்த ஏஐ உதவியாளரிடம் கேட்டேன். நான்கு வரி எழுதித் தந்தது. படிக்காமலே ஏற்றுக்கொண்டேன், பிழை மறைந்தது.

சில வாரம் கழித்து, சக ஆசிரியை ஸ்டெல்லாவுக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் தேவைப்பட்டது. பட்டியல் இரண்டு பேரைக் காட்டியது. ஒருவர் வெளியூரில் இருந்தார். மற்றவர் தொலைவிலுள்ள கிளாவரை என்ற மலைக்கிராமத்து விவசாயி அந்தோணி. அவர் ஜீப்பில் மருத்துவமனைக்கு வந்து சேரும்வரை, அவரையே நம்பிக் காத்திருந்தோம். சோதித்தால் பி பாசிட்டிவ்.

"என் குரூப்பு எனக்கே தெரியாதுங்க டீச்சர். வெரசா வாங்கன்னீங்க, வந்துட்டேன்" என்றார் அவர்.

காலி இடங்களில் எல்லாம் மேல்வரிசையில் இருப்பவரின் பிரிவை அந்த நான்கு வரிகள் நிரப்பியிருந்தன.

மதுரை பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ஸ்டெல்லா இறந்துவிட்டாள். குழந்தை பிழைத்தது.

இப்போது ஏஐ எழுதும் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் புரிந்த பிறகே ஏற்கிறேன். பிரிவு தெரியாதவர் பெயருக்கு எதிரே 'தெரியாது' என்றே வருகிறது. ஸ்டெல்லாவின் கணவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் இன்றுவரை என்னோடு பேசவில்லை.