பிள்ளை மடுவத்துக்குள் வந்த வெயில்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம், அக்கரப்பத்தனைப் பக்கம் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது என் மகளுக்கு மூன்று வயது. வீட்டில் ஓயாமல் பேசுவாள். வாசலைத் தாண்டினால் ஒரு வார்த்தை வராது. பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான். ஆனாலும் அதையே நினைத்து நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவம் எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பக்கத்தில்தான். பனி வரக் கூடாதென்று எந்தக் காலத்திலோ ஜன்னல்களில் தகரம் அடித்துவிட்டார்கள். பகலிலும் இருட்டு. பிள்ளைகள் தூங்குவார்கள், இல்லையென்றால் அழுவார்கள். அதனால் மகளை டவுன் நர்சரியில் சேர்க்க வேன் பேசிவிட்டேன். பேசிய பிறகு, அந்த வளைவுப் பாதையில் தனியாக எப்படிப் போவாள் என்று அதற்கும் பயம்.

அடுத்த வீட்டு அக்கா சும்மா விடவில்லை. "ஒங்க புள்ள டவுனுக்குப் போயிரும். எங்க புள்ளைங்க இருட்டுல வவ்வாலா தொங்கட்டும், என்ன?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம்தான் மடுவத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் எங்களையெல்லாம் கூப்பிட்டு, தகரத்தைக் கழற்றுவோமா என்று கேட்டார். ஒரே கூச்சல்.

"சளி புடிச்சா நீங்களா டீச்சர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவீங்க?" என்றார் ஒரு அப்பா.

"பனி வேணாம்ணே, வெளிச்சம் மட்டும் வரட்டும்" என்றார் டீச்சர். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் சீட் போடுவதென்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிச் சிரமதானம். ஆண்கள் தகரத்தைப் பிடுங்கினார்கள். நாங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கறுப்புப் பெயின்ட் பூசினோம், அவர்கள் கிறுக்கட்டும் என்று. கடைசி சீட்டைப் பொருத்தி முடித்தபோது மேகம் விலகி, தரை நடுவில் ஒரு துண்டு வெயில் விழுந்தது! அக்காவின் மகன் ஓடிப்போய் அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டான். என் மகள் என் கையை உதறினாள். நேராக அவனிடம் போனாள்.

"தள்ளுடா! எனக்கும் வெயிலு!"

அத்தனை பேருக்கு முன்னால்!

"ஊமக்கோட்டான்னுல்ல நெனச்சேன்! என்னா அதிகாரம் பண்றா பாருங்க!" என்று அக்கா கத்த, மடுவமே சிரித்தது.

மகளை மடுவத்திலேயே சேர்த்து, வேன் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும், தப்புச் செய்துவிட்டேனோ என்று பல நாள் குழம்பினேன். ஆனால் மகள் பேசிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் பால் கொடுக்க வரும் அம்மாமார் சோக்கட்டி எடுத்து அந்தக் கறுப்புச் சுவரில் தங்கள் பெயரை எழுதிப் பார்த்தார்கள். மாலையில் பெரிய பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து படித்தார்கள். மேல் லயத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் மடுவத்திலும் தகரத்தைக் கழற்றினார்கள்.

என் பிள்ளைக்கு மட்டும் நல்ல இடம் தேடிக்கொண்டு போயிருந்தால், அவள் யாரோடு சண்டை போட்டுப் பேசக் கற்றிருப்பாள் என்று இன்றும் யோசிக்கிறேன்.