வால்பேப்பரில் இருந்த அம்மா

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால், சன்னல் திறக்காத அறையில் சூடேறிய தூசியும் எங்கள் எல்லோருடைய வியர்வையும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். கச்சிராயபாளையத்துப் பக்கம் நான் படித்த பள்ளியில் "லேபு" என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த வாடைதான். ஒரு கணினிக்கு மூன்று பேர், மவுசைப் பிடித்தவள் மகாராணி, மற்ற இருவருக்கும் வேடிக்கை பார்க்கிற வேலை.

என் பக்கத்தில் அஞ்சலை உட்காருவாள். கூலி வேலைக்குப் போன அவள் அம்மா கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்துச் செத்துப்போயிருந்தாள். அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே படம் அவள் அப்பாவின் பழைய செல்போனில் எடுத்தது. ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற படம். போன் அடிக்கடி அணைந்துபோகிறதென்று ஒருநாள் அதைக் கொண்டுவந்து, படத்தைக் கணினியில் ஏற்றி, திரை முழுக்கத் தெரியும்படி "வால்பேப்பர்" ஆக்கினோம். அந்தத் தைரியத்தில் அவள் அப்பா போனைக் கள்ளக்குறிச்சிக் கடையில் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிட்டார்.

"கவருமெண்டு கம்ப்யூட்டர்ல இருக்குது, எங்க போவப்போவுது? தெவசத்துக்கு எடுத்தாந்து பிரேம் போட்டுக்கலாம்" என்றாராம். அரசாங்கக் கட்டடத்துக்குள் இருக்கும் எதுவும் பத்திரம் என்று நம்புகிற ஊர் எங்களுடையது.

அதற்குள் பையன்கள் ஆளுக்கொரு நடிகர் படத்தைத் திரையில் வைக்க, ஒருவன் வைத்ததை இன்னொருவன் மாற்ற, கைகலப்பாகி ஒருவன் மண்டை உடைந்தது. கம்ப்யூட்டர் சார் சனிக்கிழமை தனியாக வந்து, எல்லாக் கணினிகளையும் துடைத்து அழித்து, மாற்றுவது எதுவும் நிலைக்காதபடி உள்ளுக்குள்ளேயே ஒரு மென்பொருள் பூட்டும் போட்டார். "இனிமே எவன் இன்னா மாத்தினாலும் சரி, ஆஃப் பண்ணிப் போட்டா பழையபடி வந்து நிக்கும்" என்று திங்கட்கிழமை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அஞ்சலை வெறும் நீலத் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

நான்தான் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். சார் முகம் வெளிறிவிட்டது. "ஆட்டுக்குட்டி வச்சிக்கினு ஒரு அம்மாவா? பார்த்தேம்மா. எவனோ கிண்டலுக்குப் போட்டிருக்கான்னு நெனச்சிட்டேன்" என்றார்.

பாவம், தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டு அழிந்த படத்தைக் கணினிக்குள் அன்று முழுக்கத் துழாவினார். கிடைக்கவில்லை. கடையில் கொடுத்த போனும் கைமாறிப் போயிருந்தது. தெவசத்தன்று விளக்கை மட்டும் வைத்துப் படைத்தார்கள். அவர் கெட்டவரில்லை என்று தெரிந்தும் என் ஆத்திரம் தீரவில்லை; அந்தப் பூட்டைப் பையன்கள் சீக்கிரமே உடைத்துத் தங்கள் நடிகர்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது அது இரண்டு மடங்காயிற்று.

இப்போது அந்த அறையில் உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. கணினிகளை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். சமீபத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அஞ்சலையைப் பார்த்தேன், இடுப்பில் பிள்ளையோடு. நலம் விசாரித்து முடித்த பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீயுந்தானடி தெனமும் பார்த்த. எங்கம்மா மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருந்துது?"

புடவைக் கட்டம் நினைவுக்கு வந்தது, சிரிப்பு வந்தது, மூக்குத்தி மட்டும் வரவில்லை. "தெரியலடி" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றாள்.