வாயை மட்டும் அசை

துள்ளும் கிட்டார் இசையான ராக்கபில்லியில் நான் பாடி வெளியான முதல் இசைத்தட்டில் ஊசியை வைத்தேன். பாட்டு தொடங்கும் முன்னே என் குதிகால் தரைப்பலகையைத் தட்டியது. உடனே சேவியர் அங்கிளின் நார்த்மீட் வீட்டுக் கராஜ் வாசம், பெட்ரோலும் தலை எண்ணெயுமாய், மூக்கில் ஏறிவிட்டது.

சின்ன வயதில் நான் இருந்த மாதா கோயில் பாட்டுக்குழுவை அங்கேதான் பழக்குவார். அப்பாவின் காரில் ஓடிய ராக்கபில்லி கசெட்டால் என் கால் சும்மா நிற்காது.

"பிள்ளை, இது கூத்துக்கொட்டகை இல்லை. நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றார்.

கிறிஸ்து பிறந்த நத்தார் பூசையில் அம்மா முன்வரிசையில் பூரித்திருக்க, மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினேன்.

இன்று காலை அங்கிள் எனக்குப் போன் எடுத்தார். "என்ர எண்பதாவது பிறந்தநாளுக்கு நீதான் பாடவேணும். உன்னைப் பழக்கினது நானெண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"ஓம் அங்கிள், வாறன். நீங்கள் பழக்கினபடியே பாடுறன்."

மேடையில் கிட்டார் முழங்கும். நான் வாயை மட்டும் அசைப்பேன்.