சோதிக்காமல் சொன்ன பதில்

ஒஸ்லோவில் காஸ் ஹீற்றர் திருத்துவது என் வேலை. போன மாரியில், பக்கத்து நகரான திராமனில், எனக்குத் தெரிந்த அருளப்பு அண்ணையின் வீட்டு ஹீற்றர் நின்றுவிட்டது. புற்றுநோய் முற்றிய அவருடைய மனைவி, தன் வீட்டிலேயே கண்மூட வேண்டுமென்று படுத்திருந்தார்.

நான் மின்சாரம் சோதிக்கும் மீற்றரைக் கையில் எடுக்கவே இல்லை. "உள்ளுக்கு இருக்கிற எலெக்ட்ரோனிக் போர்ட் பழுது அண்ணை. புதுசு வர ஒரு கிழமை செல்லும்" என்றேன்.

அதுவரைக்கும் வைத்த சின்ன மின்சார ஹீற்றர் அந்தக் குளிருக்குப் போதவில்லை. அண்ணையின் மனைவியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் அங்கேயே இறந்துபோனார்.

பிறகு, மின்பழுது கண்டுபிடிக்கும் பயிற்சிக்குப் போனேன். கழற்றி வைத்திருந்த அந்தப் பழைய போர்ட்டை அங்கே சோதித்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை. ஹீற்றரில் வயர் ஒன்றுதான் தளர்ந்திருந்திருக்கிறது. ஒரு கிழமை கழித்துப் புதிய போர்ட்டைப் பூட்டும்போது அதை அறியாமலே இறுக்கியிருக்கிறேன்.

அன்றே திராமனுக்குப் போனேன்.

"அண்ணை, அண்டைக்கே திருத்தியிருக்கலாம். நான் சோதிக்கேல்லை."

அவர், "வீட்டை போவம், வீட்டை போவம் எண்டு கடைசிவரை கேட்டவ, தம்பி" என்றார்.

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது சோதித்து முடிக்காமல் எந்த வீட்டிலும் பதில் சொல்வதில்லை. அதனால் அண்ணையின் மனைவிக்கு என்ன பயன்?